யாரும் நிமிர்ந்து பார்க்காத வயலின்

ஜனவரி 6, திங்கள்

நகைக்கடையில் இலவசமாகக் கொடுத்த டைரி. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு நெக்லஸ் படம். நாங்கள் வாங்கிய மூக்குத்தியைவிட டைரிக்குத்தான் கனம் அதிகம். எழுதாமல் விட்டால் பரணுக்குப் போய்விடும் என்பதால் எழுதுகிறேன்.

எழுத ஒரு காரணமும் இருக்கிறது. இன்றோடு வேலையை விட்டுவிட்டேன். இத்தனை வருடம் வானொலிக்கு விளம்பரம் பிடித்துக் கொடுத்தவன், இனி சொந்தக் கடை போடப் போகிறேன். மதுரையில் பாதிக் கடைகளில் செல்போனை ஒலிபெருக்கியில் செருகி சினிமாப் பாட்டுப் போடுகிறார்கள். உரிமைக்காரர்களிடமிருந்து நோட்டீஸ் வந்ததும் பதறிப்போய் பாட்டை நிறுத்துகிறார்கள். பாட்டு நின்றால் கடை எழவு வீடு மாதிரி ஆகிவிடுகிறது. நாமே வாசித்து, நாமே பதிவு செய்து, உரிமையை நம் கையிலேயே வைத்துக்கொண்டு கடைகளுக்குச் சந்தாவில் கொடுத்தால் என்ன? கடைக்கு, வீட்டிலிருந்தே பாட்டை மாற்றக்கூடிய ஒரு சின்னப் பெட்டி. சுவரில் மாட்ட ஒரு சான்றிதழ். பெயரும் வைத்தாயிற்று: 'பின்னணி'.

எனக்கு இசை தெரியாது, விற்கத் தெரியும். வாசிக்க ஆள் வீட்டிலேயே இருக்கிறாள். என் மனைவி தமயந்தி கச்சேரிகளுக்கு வயலின் பக்கவாத்தியம் வாசித்தவள். போன ஆடிக்குப் பிறகு கச்சேரிக்குப் போவதில்லை. மாடியில் பச்சைப் பெயின்ட் அடித்த சின்ன அறையில் உட்கார்ந்து, சாயங்கால நேரத்தில் தனக்குத்தானே வாசிக்கிறாள். அந்த அறைக்குப் பச்சை அடித்தது குழந்தைக்காக. ஆடியில் எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்தது, உயிரோடு பிறக்கவில்லை. அதைப் பற்றி இந்த டைரியில் எழுதப்போவதில்லை.

ஜனவரி 10, வெள்ளி

தமயந்தியிடம் யோசனையைச் சொன்னேன். காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள். கடையில் வாசித்தால் யார் கேட்பார்கள் என்றாள். யாரும் கேட்க வேண்டாம், அதுதான் இந்தத் தொழில் என்றேன். சிரித்தாள். அவள் சிரித்து வெகுநாளாயிற்று, அதனால் அதையே சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஒலிப்பதிவுக்கு பெலிக்ஸ் வந்து பார்த்தான். தேவாலயங்களில் கீதங்கள் பதிவு செய்து கொடுப்பவன், கருவிகளெல்லாம் சொந்தமாக வைத்திருக்கிறான். வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, மாடி அறைதான் சரி, சின்னதாக இருக்கிறது, எதிரொலிக்காது என்றான். சுவர் முழுக்க பஞ்சுப் பலகை ஒட்ட வேண்டுமாம். ஒட்டச் சொன்னேன். பச்சை மறைந்துவிடும். நல்லதுதான்.

ஜனவரி 17, வெள்ளி

ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கினேன். வக்கீல் எழுதிக் கொடுத்தபடி, தமயந்தி வாசிக்கும் எல்லாவற்றின் முழு உரிமையும் நிறுவனத்துக்கு. நிறுவனம் என்றால் நான். கல்யாணப் பதிவுக்குப் பிறகு இரண்டு பேரும் சேர்ந்து போட்ட கையெழுத்து இது ஒன்றுதான் என்று வேடிக்கையாகச் சொன்னேன். இன்னொன்று ஆஸ்பத்திரியில் போட்டீர்கள் என்றாள். பேச்சை மாற்றினேன்.

பிப்ரவரி 5, புதன்

மூன்றாவது நாளாகப் பதிவு. மோகனம், ஹம்சத்வனி, ஆபோகி எல்லாம் தேன் மாதிரி வந்துவிட்டன. நான் கீழே உட்கார்ந்து கடைகளுக்குப் போன் பேசினேன்.

சாயங்காலம் முடிக்கும் சமயத்தில், எனக்காக ஒன்று வாசித்துக்கொள்கிறேன், பதிவு செய்தாலும் சரி, செய்யாவிட்டாலும் சரி என்றாளாம். துவிஜாவந்தி ராகம் என்று பெலிக்ஸ் சொன்னான். அவள் சாயங்காலத்தில் வாசிப்பது எப்போதும் அதுதான் போலிருக்கிறது. பாதியில் நான் மேலே போனேன். பெலிக்ஸ் ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். தண்ணீர் மோட்டாரை நிறுத்தினேனா என்று சந்தேகம் வந்ததால் உடனே இறங்கிவிட்டேன். நிறுத்தித்தான் இருந்தது.

பதிவுக்கு என்ன பெயர் வைப்பது என்று பெலிக்ஸ் கேட்டிருக்கிறான். பெயர் வேண்டாம் என்றிருக்கிறாள். வரிசைப்படி பதினேழு என்று போட்டுவிட்டான்.

பிப்ரவரி 21, வெள்ளி

முதல் மூன்று வாடிக்கையாளர்கள். ஒரு பல் டாக்டர், ஒரு மெஸ், ஒரு நான்கு மாடி ஜவுளிக்கடை. ஜவுளிக்கடையில் இப்போதைக்கு மூன்றாவது மாடி மட்டும், பட்டுச்சேலைப் பிரிவு. மேலாளர் கோமதிநாயகம் நிதானமான மனிதர். எல்லாம் நல்லபடியாக நடந்தால் ஆடித் தள்ளுபடிக்கு நான்கு மாடியும் உங்களுக்குத்தான் என்றார். வீட்டுக்குப் போகும் வழியில் அல்வா வாங்கினேன். தமயந்தி ஒரு விள்ளல் சாப்பிட்டாள்.

மார்ச் 4, செவ்வாய்

தொழிலில் யாரும் சொல்லித்தராத சங்கதிகள் இருக்கின்றன.

மெஸ்காரர் காலையிலேயே போன் செய்தார். மனிதர் ஒரு காலத்தில் சபா செயலாளராக இருந்தவராம். இலை போடுகிற நேரத்தில் ஆகிரி ராகம் வாசித்திருக்கிறீர்களே, ஆகிரி கேட்டால் அன்றைக்குச் சோறு கிடைக்காது என்பது தெரியாதா, என் கடையில் சோறு விற்க வேண்டுமா வேண்டாமா என்று பிடித்துக்கொண்டார். தமயந்தியைக் கேட்டேன். அப்படி ஒரு நம்பிக்கை உண்டுதான், மெஸ் என்று நீங்கள் சொல்லவே இல்லையே என்றாள். எடுத்துவிட்டோம்.

ஜவுளிக்கடையில் அதைவிடக் கூத்து. மத்தியான வியாபாரம் சூடாக இருக்கும்போது பெட்டி தானாக மத்தியமாவதியை எடுத்துவிட்டது. கச்சேரி முடிவில் மங்களம் பாடுகிற ராகமாம் அது. சேலை பார்த்துக்கொண்டிருந்த இரண்டு வயதான அம்மாக்கள் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்து, கடை சாத்துகிறீர்களா என்று கேட்டிருக்கிறார்கள். இனி அதைக் கடை அடைக்கும் நேரத்தில் மட்டும் போடுவதாக ஏற்பாடு. பெலிக்ஸும் தமயந்தியும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இந்தத் தொழில் எங்கள் வீட்டை நிமிர்த்திவிடும் என்று தோன்றியது.

மார்ச் 12, புதன்

கோமதிநாயகம் போன். பட்டுச்சேலைப் பிரிவில் ஒரு பெண்மணி, மகள் கல்யாணத்துக்குச் சேலை எடுக்க வந்தவர், வயலின் ஒன்று ஓடும்போது அப்படியே உட்கார்ந்து அழுதாராம். கூட வந்தவர்கள் என்ன ஏது என்று பதறி, தண்ணீர் கொடுத்து, அரைமணி நேரம் வியாபாரம் நின்றுவிட்டதாம். எந்த நேரம் என்று கேட்டுப் பட்டியலைப் பார்த்தேன். பதினேழு.

அவர் மேற்கொண்டு ஏதோ சொல்ல வந்தார். உடனே எடுத்துவிடுகிறேன் சார், இனி நடக்காது என்று சொல்லிப் போனை வைத்தேன். பத்து நிமிடத்தில் எல்லாப் பெட்டிகளிலிருந்தும் எடுத்தாயிற்று.

கடைக்காரர் எடுக்கச் சொல்லிவிட்டார் என்று தமயந்தியிடம் சொன்னேன். அவர் சொன்னதன் அர்த்தம் அதுதானே. அந்த அம்மா எதற்கு அழுதார் என்று கேட்டாள். யாருக்குத் தெரியும் என்றேன்.

மார்ச் 24, திங்கள்

நன்றாக யோசித்து ஒரு விதி கண்டுபிடித்திருக்கிறேன். கடையில் போய் ஒரு மூலையில் உட்கார வேண்டும். இசை ஓடும்போது யாராவது தலையை நிமிர்த்தி ஒலிபெருக்கியைப் பார்த்தால் அந்த வாசிப்பு தோல்வி. யாரும் நிமிராவிட்டால் வெற்றி. பல் டாக்டர் வரவேற்பறையிலும் ஜவுளிக்கடையிலும் போன வாரம் முழுக்க உட்கார்ந்தேன். தமயந்தி ஸ்வரத்திலிருந்து ஸ்வரத்துக்கு இழைந்து போகிற இடங்களில்தான் ஜனங்கள் நிமிர்கிறார்கள். கமகம் என்கிறார்கள்.

அதனால் எல்லாவற்றையும் திரும்பப் பதிவு செய்ய வேண்டும். ஸ்வரத்துக்குப் போ, நில், அடுத்ததற்குப் போ. நடுவில் தெருத்தெருவாகச் சுற்ற வேண்டாம் என்று விளக்கினேன். எனக்கே பிடித்திருந்தது இந்த உவமை.

அவள் வில்லுக்குப் பிசின் தேய்த்துக்கொண்டிருந்தாள். "அந்தத் தெருவுலதாங்க பாட்டு இருக்கு" என்றாள்.

கடைக்காரர்கள் கேட்கிறார்கள், நான் என்ன செய்ய என்றேன்.

ஏப்ரல் 3, வியாழன்

மறுபதிவு. அவளுக்கு இது எளிதாக இல்லை. விரல் பழக்கதோஷத்தில் இழைந்துவிடுகிறது. பெலிக்ஸ் ஒவ்வொரு முறையும் நிறுத்துகிறான். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு நிறுத்துகிறான். இதற்கென்றே தனியாகச் சாதகம் செய்யப்போகிறேன் என்று அவளே சொன்னாள். பொறுப்பான பெண்.

ஏப்ரல் 14, திங்கள்

புத்தாண்டு. மாங்காய்ப் பச்சடி செய்தாள். வேப்பம்பூவை என் கிண்ணத்தில் குறைவாகவே போட்டிருந்தாள்.

ஏப்ரல் 22, செவ்வாய்

சாயங்காலச் சாதகம் மாறிவிட்டது. துவிஜாவந்தி இல்லை. நேர் ஸ்வரங்கள், ஒன்றன்பின் ஒன்றாக, சுவர்க்கடிகாரம் மாதிரி. நான் பக்கத்து அறையிலேயே உட்கார்ந்து வேலை பார்க்க முடிகிறது. மோட்டார், பால், மின்சாரக் கட்டணம் என்று வெளியே ஓட வேண்டியதில்லை. ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

பெலிக்ஸ் கேட்டான், பழைய பதிவுகள் எல்லாம் இடத்தை அடைத்துக்கொண்டு இருக்கின்றன, என்ன செய்ய என்று. அழித்துவிடு என்றேன். பதினேழையுமா சார் என்றான். இரண்டு வகை இருந்தால் பெட்டிக்குள் தப்பிதமாகப் பழையது போய்விடும், எல்லாவற்றையும் அழி என்றேன். அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடட்டுமா என்றான். உரிமை நிறுவனத்திடம் இருக்கிறது என்றேன். கொஞ்சம் கடுமையாகத்தான் சொல்லிவிட்டேன்.

மே 12, திங்கள்

அழகர் ஆற்றில் இறங்கினார். போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று கூப்பிட்டேன். கூட்டத்தில் கைக்குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வருவார்கள், நீங்கள் போய்விட்டு வாருங்கள் என்றாள். நானும் போகவில்லை. தொலைக்காட்சியில் பார்த்தோம்.

ஜூன் 3, செவ்வாய்

புதிதாக ஒரு கண் ஆஸ்பத்திரி, இரண்டு பேக்கரி, ஒரு அழகு நிலையம். இப்போது புகார் என்று ஒன்றுகூட இல்லை. ஆகிரி, மத்தியமாவதி எதைப் போட்டாலும் இப்போது யாருக்கும் வித்தியாசம் தெரியாது என்று பெலிக்ஸ் சொன்னான். பாராட்டாகச் சொன்னானா என்று தெரியவில்லை.

ஜூன் 18, புதன்

கோமதிநாயகத்தைப் பார்த்தேன். ஆடிக்கு நான்கு மாடியும் உறுதி. காபி வரவழைத்தார். பிறகு, அந்தப் பழைய வயலினை ஏன் சார் எடுத்தீர்கள் என்றார். அன்றைக்கு அழுத அம்மா இரண்டு தடவை திரும்பி வந்து, அது என்ன பாட்டு, எங்கே கிடைக்கும் என்று கேட்டாராம். சேலை மடிக்கிற பெண்களும் அதைத்தான் கேட்கிறார்களாம். அன்றைக்கே சொல்ல வந்தேன், நீங்கள் போனை வைத்துவிட்டீர்கள் என்றார். தொகுப்பை மாற்றிவிட்டோம் சார் என்றேன்.

தமயந்தியிடம் இதைச் சொல்லவில்லை. ஆறிக்கொண்டு வருகிறாள். எதற்குக் கிளற வேண்டும்.

ஜூலை 11, வெள்ளி

தமயந்தி தன் தங்கைக்குச் சேலை எடுக்க ஜவுளிக்கடைக்குத் தனியாகப் போயிருக்கிறாள். எனக்குத் தெரிந்திருந்தால் கூடப் போயிருப்பேன். கோமதிநாயகம் பேச்சுவாக்கில் அவள் யார் என்று தெரிந்துகொண்டு, நாற்காலி போட்டு உட்காரவைத்து, என்னிடம் கேட்டதையே கேட்டிருக்கிறார்.

வீட்டுக்கு வந்து சேலைப் பையைக் கட்டிலில் வைத்தாள். முகம் கழுவினாள். என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். அவள் கோபமாகப் பேசியிருந்தால் தேவலை.

"கடையில அந்தப் பாட்ட எடுக்கச் சொல்லலையாம். அந்தம்மாவுக்கு மூத்த பொண்ணு ஒண்ணு இருந்து தவறிருச்சாம். ரெண்டாவது பொண்ணு கல்யாணத்துக்குச் சேலை எடுக்க வந்திருக்காங்க. வீட்ல யாரும் அந்தப் பேச்சையே எடுக்க விடமாட்டாங்களாம். இங்க உக்காந்துதான் அழுதேன்னு சொன்னாங்களாம்."

கடையில் வியாபாரம் நின்றது உண்மைதானே என்றேன்.

"கடைக்காரருக்கு ஒண்ணுமில்லைங்க. உங்களுக்குத்தான் கேக்க முடியல. நான் வில்லைத் தொட்டாப் போதும், உங்களுக்கு மோட்டார் ஞாபகம் வந்துரும்."

வாசலில் சிலிண்டர்காரர் மணி அடித்தார். நான் எழுந்து போனேன். திரும்பி வந்தபோது அவள் அங்கே இல்லை. மேலே கதவு சாத்தியிருந்தது, சத்தமில்லை.

ஜூலை 13, ஞாயிறு

பெலிக்ஸ் வீட்டுக்குப் போனேன். பதினேழு எங்கேயாவது மிச்சம் இருக்குமா என்று கேட்டேன். அவன் நீங்கள்தானே என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். எல்லா இடத்திலும் தேடினான். அழித்ததன் மேல் கண் ஆஸ்பத்திரிக்கான பதிவு எழுதப்பட்டுவிட்டது. கடைப் பெட்டிகளில் பழையதை அழித்துவிட்டுத்தான் புதியது ஏறும், அப்படித்தான் செய்யச் சொல்லியிருந்தேன். நான் எதைச் செய்தாலும் ஒழுங்காகச் செய்கிறவன்.

அவன் மனைவி சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார். சாப்பிட்டேன். என்ன சாப்பிட்டேன் என்று நினைவில்லை.

ஜூலை 17, வியாழன்

ஆடி பிறந்தது. தள்ளுபடி முதல் நாள். நான்கு மாடியிலும் எங்கள் இசை. படிக்கட்டில் நிற்க இடமில்லை, அவ்வளவு கூட்டம். நான் பட்டுச்சேலைப் பிரிவில் ஒரு தூணை ஒட்டி நின்றேன். தமயந்தியின் வயலின் நேர் நேராகப் போய்க்கொண்டிருந்தது. ஒரு தலைகூட நிமிரவில்லை. நான் கண்டுபிடித்த விதிப்படி இதைவிடப் பெரிய வெற்றி கிடையாது.

கோமதிநாயகம் தூரத்திலிருந்து கை காட்டினார். நானும் கை காட்டினேன். எனக்கு அங்கே நிற்கவே பிடிக்கவில்லை. அவளுடைய கையைப் பிடித்து யாரோ எழுதவைத்த மாதிரி இருந்தது அந்த இசை. அந்த யாரோ நான்தான்.

ஜூலை 20, ஞாயிறு

பேசுகிறோம். தோசை போதுமா, இன்னொன்று வேண்டுமா. அவ்வளவு.

ஜூலை 26, சனி

போன வருடம் இதே தேதி. எழுதப்போவதில்லை என்று முதல் பக்கத்தில் எழுதியவன் எழுதுகிறேன். இன்று எங்கள் மகளுக்கு ஒரு வயது ஆகியிருக்கும்.

போனை அணைத்து பீரோவுக்குள் வைத்தேன். சாயங்காலம் மாடிக்குப் போனேன். தமயந்தி வயலினைக் கையில் எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள். நான் தரையில் அவள் எதிரில் உட்கார்ந்தேன். அந்த அறையில் நான் உட்கார்ந்ததே அதுதான் முதல் தடவை. பதினேழு எங்கேயும் இல்லை, நான் அழித்துவிட்டேன் என்று சொன்னேன். தெரியும், பெலிக்ஸ் அழுதுகொண்டே போன் செய்தான் என்றாள். எனக்காக ஒரு தடவை அதை வாசிப்பாயா, எழுந்து போக மாட்டேன் என்றேன்.

அவள் சுருதி சேர்த்தாள். ஆரம்பித்தாள். முதல் ஸ்வரத்தில் விரல் போய் நின்றது. அடுத்ததற்குப் போய் நின்றது. நிறுத்திவிட்டு மறுபடி ஆரம்பித்தாள். எனக்கு இசை தெரியாது என்றாலும், அது ஜவுளிக்கடையில் கேட்டது மாதிரியே இருந்தது என்பது தெரிந்தது. நாலைந்து தடவை முயன்றாள். கண்ணை மூடிக்கொண்டு முயன்றாள். இடது கையை உதறிவிட்டு முயன்றாள்.

"கை போக மாட்டேங்குதுங்க" என்றாள்.

கொஞ்ச நாள் போனால் வந்துவிடும் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. வருமா என்று எனக்குத் தெரியாது. அவளிடம் அழுவதற்கென்று இருந்தது அந்த ஒன்றுதான். அதைக் கடை கடையாக விற்று, பிறகு யாரும் வேண்டாம் என்று சொல்லாமலேயே பிடுங்கிக்கொண்டேன். அவள் அழுதால் நானும் அழ வேண்டியிருக்கும் என்று பயந்துதான் செய்தேன். நான் கோழை, அதை வியாபாரம் என்று சொல்லிக்கொண்டேன். இதையெல்லாம் அவளிடம் சொன்னேனா, இப்போதுதான் எழுதுகிறேனா என்று சரியாகத் தெரியவில்லை. நான் அழுதது மட்டும் தெரியும். அவள் அழவில்லை, வயலினைப் பெட்டியில் வைத்து மூடினாள்.

பிறகு கேட்டாள். ஒரு வருடமாகக் கேட்க நினைத்து, நான் உட்கார்ந்தால்தானே கேட்பது என்று வைத்திருந்தாளாம். அன்றைக்கு அவளுக்கு மயக்கம் தெளிய வெகுநேரமாயிற்று. அவள் கண் விழிப்பதற்குள் அடக்கம் வரை எல்லாவற்றையும் முடித்துவிடுவதுதான் நல்லது என்று பெரியவர்கள் சொன்னார்கள், நான் கையெழுத்துப் போட்டேன். குழந்தையைப் பார்த்தது நான் மட்டும்தான்.

"எப்படி இருந்தா? நானா ஒரு மொகத்த நெனச்சு நெனச்சுத்தான் வாசிச்சுக்கிட்டு இருந்தேன். சரியான்னு தெரியல."

சொன்னேன். தலை நிறைய முடி. நெற்றி உன்னுடையது, கொஞ்சம் அகலம். மூக்கு எங்கள் வீட்டு மூக்கு. வலது காது மடல் லேசாக மடங்கியிருந்தது, நர்ஸ் அதைத் தொட்டு நேராக்கிவிட்டார். விரல்கள் நீளம். உதடு சிவப்பாக இல்லை, கருநீலமாக இருந்தது, ஆனால் தூங்குகிற மாதிரிதான் இருந்தாள். நான் இரண்டு கையாலும் வாங்கினேன். கனமாக இருந்தாள், அவ்வளவு கனம் இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

தமயந்தி தலையை நிமிர்த்தி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் முடித்ததும், முதலிலிருந்து இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். சொன்னேன்.